கட்டை மறைந்தால் தடி விழும்

அவளிடம் ஏச்சு வாங்காத ஆள் எங்கள் ஊரில் இல்லை. பள்ளிக்கூடத்து அதிபரை ஏசியிருக்கிறாள். பூசைக்கு நேரமாயிற்று என்று மோட்டார் சைக்கிளில் பறந்து வந்த ஐயரை மறித்து, "ஐயா, சாமிக்குப் பூ வைக்கப் போறீங்களோ, இல்லாட்டிச் சாமியிட்டையே போகப் போறீங்களோ?" என்று கேட்டிருக்கிறாள். மாடுகளையும் விடமாட்டாள். ஏசுகிறாள் ஏசுகிறாள் என்று சொல்லித்தான் அவளை வேலையை விட்டுக் கலைத்தார்கள். அவள் ஏசிய ஏச்சில் ஒன்றுகூடப் பிழையில்லை. அதை ஒருவராவது எழுதி வைக்கவேண்டும். வேறு ஒருவரும் எழுதப் போவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

ஊரின் பெயரை எழுதவில்லை. எழுதினால் வீட்டுக்குச் சண்டைக்கு வருவார்கள். கனகராயன்குளத்தில் இருந்து பஸ்ஸில் ஏறினால் வெகுதூரம் இல்லை, அவ்வளவுதான் சொல்லலாம். எங்கள் வளவு வேலியோடு ஒரு கிரவல் பாதை போகிறது. அது தண்டவாளத்தைக் கடந்து கண்டி வீதியில் ஏறும். சண்டைக் காலத்தில் அங்கே தண்டவாளம் இருக்கவில்லை. இரும்பையும் மரக்கட்டைகளையும் பங்கர் போடக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். இருபது வருடத்துக்கு மேலாய் அது வெறும் மண் அணை. அதன் மேல் மாடு சாய்த்தோம். விறகு சுமந்தோம். பிள்ளைகள் சைக்கிள் பழகினார்கள். பிறகு ஒரு நாள் புதுத் தண்டவாளம் போட்டுக் கோச்சி விட்டார்கள்.

எங்கள் பிள்ளைகள் அதற்கு முதல் கோச்சியைக் கண்டதேயில்லை. எறிகணைச் செல் குத்துகிற சத்தத்தைக் கேட்டே அது எங்கே விழும் என்று சொல்லுவார்கள். கிபிர் விமானம் எந்தப் பக்கம் திரும்பும் என்றும் சொல்லுவார்கள். கோச்சி கிட்ட நிற்கிறதா எட்ட நிற்கிறதா என்று சொல்ல ஒருவருக்கும் தெரியாது. பஸ்ஸைப் பார்க்கிற கண்ணால் கோச்சியைப் பார்த்தார்கள். முதல் மாதமே மூன்று மாடு போனது. ஒரு உழவு இயந்திரத்தின் பெட்டி போனது. அதற்குப் பிறகுதான் தண்டவாளக் கடவையின் இரண்டு பக்கமும் மூங்கில் தடி போட்டு, கயிறு கட்டி, தடியைப் பிடிக்க அவளை நியமித்தார்கள்.

அவளுக்கு இடது கண் இல்லை. கடைசிச் சண்டையில் செல் துண்டு எடுத்துக்கொண்டு போனது. நாற்பத்தைந்து வயது இருக்கும். தடிதான் எங்களுக்குக் கேற். முன்னால் "கேற் அக்கா" என்றும் பின்னால் "ஒற்றைக்கண்ணி" என்றும் சொன்னார்கள். சொன்னவர்களுக்கு இரண்டு கண் இருந்தது.

முதல் நாள் வேலியோடு வந்து தண்ணீர் கேட்டாள். நான் தேத்தண்ணி கொடுத்தேன். கோப்பையை உடனே வாங்கவில்லை. கோழி பார்ப்பது போலத் தலையை இடமும் வலமுமாய் ஆட்டினாள். எனக்கு ஒருமாதிரிப் போய்விட்டது.

"ஏன் பிள்ளை, எங்கடை வீட்டிலை குடிக்க மாட்டியோ?"

"சீ, விசர்க் கதை கதையாதேங்கோ அக்கா. கோப்பை எங்கை நிக்குதெண்டு பாக்கிறன்."

எனக்கு விளங்கவில்லை. அவள் குடித்துக்கொண்டே சொன்னாள். "ஒரு கண்ணுக்கு எல்லாம் படம் மாதிரித்தான் தெரியும் அக்கா. ஒண்டுக்கு மேலை ஒண்டு ஒட்டின மாதிரி. தலையை ஆட்டினால் கிட்டக் கிடக்கிறது வேகமா ஓடும், எட்டக் கிடக்கிறது அசையாமல் நிக்கும். பஸ்ஸிலை போகேக்கை பாருங்கோ, வேலிக் கட்டையெல்லாம் பின்னாலை பறக்கும், தூரத்துப் பனை எங்களோடையே வரும். அதுதான் கணக்கு."

"ஆர் சொல்லித் தந்தது?"

"கண் டொக்டர். அதுக்கு முதல் அகதிக் காம்பிலை நான் பட்ட பாடு! கண் போன புதுசிலை சொதியை என்ரை கோப்பையிலை ஊத்துறன் எண்டு நினைச்சு, பக்கத்து மனிசியின்ரை மடியிலை ஊத்திப்போட்டன். அவ ஏசின ஏச்சு! நான் ஏசப் பழகினது அவவிட்டைத்தான்."

அவள் சிரித்ததை நான் கண்டது மிகக் குறைவு. அன்றைக்குச் சிரித்தாள்.

அவள் வேலை செய்த விதத்தை எழுத வேண்டும். மற்றக் கடவைகளில் நிற்பவர்கள் தடிக்குப் பக்கத்தில், தடியடியில் நின்றுகொண்டு, கோச்சி வருகிறதா என்று எட்டிப் பார்த்து, கிட்ட வந்ததும் தடியை விடுவார்கள். அவள் அப்படிச் செய்யவில்லை. தண்டவாளத்துக்கு மற்றப் பக்கத்தில், தெற்கே வெகுதூரத்தில், ஒரு கட்டையை நட்டுச் சுண்ணாம்பு அடித்தாள். வடக்கேயும் ஒன்று நட்டாள். தடியடியில் இருந்து பத்துக் காலடி பின்னுக்கு, எங்கள் வேலியோடு, ஒரு தட்டைக் கல் போட்டாள். தடியின் கயிற்றை நீளமாக முடிந்து அந்தக் கல் வரைக்கும் கொண்டுவந்தாள். கோச்சி வரும் நேரமென்றால் கல்லில் ஏறி நிற்பாள். கல்லை விட்டு இறங்க மாட்டாள். கோச்சியின் தலை போய் வெள்ளைக் கட்டையை மறைக்கும். மறைத்த உடனே தடி விழும். பாதையில் யார் நின்றாலும் விழும்.

"ஏன் பிள்ளை, கோச்சியைப் பாத்து விடலாம்தானே?" என்று கேட்டேன்.

"கோச்சியைப் பாக்கக் கூடாது அக்கா. அது ஏமாத்தும். நேரை வாற சாமான் முதல் வளராது. ஒரு புள்ளி மாதிரி நிண்ட இடத்திலை நிக்கும். நிக்குது நிக்குது எண்டு பாத்துக்கொண்டு நிப்பீங்கள். பிறகு ஒரேயடியா வளரும். அது வளரத் தொடங்கேக்கை உங்களுக்கு ஓட நேரமில்லை. மற்றது, பெரிய சாமான் ஓடுறது மெல்லமாத் தெரியும். ஓணான் ஓடினால் பறக்கிற மாதிரி இருக்கும், கோச்சி ஓடினால் அசையிற மாதிரி இருக்கும். கட்டை ஏமாத்தாது. முன்னுக்கு நிக்கிறது பின்னுக்கு நிக்கிறதை மறைக்கும். அவ்வளவுதான்."

"அப்ப தடியடியிலை நிண்டு கட்டையைப் பாக்கிறது? ஏன் இஞ்சை வந்து நிக்கிறாய்?"

"விரலைப் பிடியுங்கோ."

நான் ஒரு விரலை முகத்துக்கு முன்னால் பிடித்தேன். ஒரு கண்ணைப் பொத்தச் சொன்னாள். விரல் எங்கள் கிணற்றடிக் கமுகை மறைத்தது. ஒரு எட்டு நகரச் சொன்னாள். நகர்ந்தேன். விரல் இப்போது கமுகை விட்டுவிட்டு மாட்டுக் கொட்டிலை மறைத்தது.

"கண்டீங்களோ? நிக்கிற இடம் மாறினால் மறைக்கிறதும் மாறும். தடியடிக்குப் போனால் அதே கட்டை பிந்தித்தான் மறையும். கோச்சி அதுக்கிடையிலை கனதூரம் வந்திடும். நான் நடந்து நடந்து, மணித்தியாலக் கணக்கிலை நிண்டு பாத்துத்தான் இந்தக் கல்லைப் போட்டனான்."

பிறகு, இல்லாத கண்ணின் பக்கத்தைத் தடவிக்கொண்டு ஒன்று சொன்னாள். "அந்த டொக்டர் இன்னொண்டும் சொன்னவர் அக்கா. இரண்டு கண்ணும் சேந்து வேலை செய்யிறது கிட்டத்துக்குத்தானாம். வெகுதூரத்துக்கு இரண்டு கண்ணும் ஒரே படத்தைத்தான் பாக்குமாம். கோச்சி நிக்கிற தூரத்துக்கு இந்த ஊரிலை எல்லாரும் ஒற்றைக்கண்ணர்தான். எனக்கு அது தெரியும். உவைக்குத் தெரியாது."

அவள் கடவையில் நின்ற காலத்தில் ஒரு கோழிகூடச் சாகவில்லை.

கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை செய்த ஒரு பிள்ளை இருந்தது. கலகலவென்று கதைக்கிற பிள்ளை. காலையில் சைக்கிளில் வரும். தினமும் தடி விழுகிற நேரத்துக்குத்தான் சரியாக வரும்.

"அக்கா, விடுங்கோ அக்கா, கோச்சி எங்கையோ நிக்குது. நான் ஒரு மிதி மிதிச்சால் அங்காலை."

"மிதி. கொம்மாவிட்டை நான் என்னத்தைக் கொண்டுபோய்க் குடுக்கிறது? பெல்லையோ, செருப்பையோ?"

"ஐயோ, வாயைப் பாரன்! கலியாணம் கட்டப் போற பிள்ளைக்குச் சொல்லுற கதையோ உது?"

"உன்னைக் கட்டப் போறவனுக்குச் சொல்லு, கேற் அக்கா வேலையிலை நிக்கிற மட்டும் அவனுக்குப் பொஞ்சாதி இருப்பாள் எண்டு."

இரண்டு பேரும் இப்படித்தான். அந்தப் பிள்ளைக்கு அந்த ஏச்சு வேண்டியிருந்தது. மறித்து வைத்திருக்கிற நேரமெல்லாம் எங்கள் வேலியில் சாய்ந்து நின்று சிரிக்கும்.

சிரிக்காத ஆளும் இருந்தார். கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தலைவர். மணல் ஏற்றுகிற டிப்பர் மூன்று ஓடியது அவருக்கு. டிப்பருக்கு ஒரு நடை என்பது பெரிய காரியம். அவள் தடியை விட்டால் நிற்கத்தானே வேண்டும். ஒரு நாள் சாரதி நிற்காமல் தடியை முட்டிக்கொண்டு வந்தான். அவள் கல்லை விட்டு இறங்கவில்லை. அங்கே நின்றே ஒரு கல்லை எடுத்து விளக்கை உடைத்துவிட்டாள். டிப்பர் நின்றது. கோச்சி போனது. அது போன பிறகும் அவள் ஏசி முடியவில்லை. சாரதியை அல்ல. முன் இருக்கையில் இருந்த தலைவரை.

"உங்கடை மணல் ஓடிப்போகாது! ஆத்துக்கை இன்னும் கிடக்கு! நீங்கள் போனால் உங்கடை மனிசிக்கு வேறை புருஷன் ஆத்துக்கை கிடக்கோ?"

ஊர் சிரித்தது. அவருக்கு அது ஆறவில்லை.

அந்தக் கிழமையே மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். கடவைக் காப்பாளர் ஊனமுற்றவர், ஒரு கண்ணால் தூரம் பார்க்க முடியாதவர், கடவையை விட்டுத் தள்ளி வேலி நிழலில் நிற்கிறார், பொதுமக்களைத் தரக்குறைவாகப் பேசுகிறார், எங்கள் பிள்ளைகளின் உயிரை இவரிடம் ஒப்படைக்க முடியாது என்று. வேலி நிழலாம். அந்தக் கல்லில் மத்தியானத்தில் நிழலே விழாது. கால் வைக்க முடியாது.

கடிதத்தை வீடு வீடாகக் கொண்டுவந்தார். எங்கள் வாசல் படலைக்கும் வந்தார்.

"அக்கா, உங்கடை வேலியோடைதானே நிக்கிறவ. நீங்கள் வைச்சால் பெறுமதி. இதிலை ஒண்டும் இல்லை, எல்லாற்றை நன்மைக்கும்தான்."

நான் கையெழுத்து வைத்தேன்.

ஏன் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. அவர் படலைக்குள் நின்றார். பேனையைத் திறந்து நீட்டினார். எனக்கு ஆம்பிளைகள் முன்னால் கதை வராது. மாட்டேன் என்று சொல்ல ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல்லை விட என் பெயரை எழுதி முடிப்பது எனக்கு இலகுவாக இருந்தது. நான் எழுத்துக் கூட்டி எழுதுகிற மட்டும் அவர் பொறுமையாக நின்றார். வேலிக்கு அங்கால் அவள் யாரையோ ஏசுகிற சத்தம் கேட்டது.

விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். ஊர் கூடியது. நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அவள் அவரிடம் நேராகப் போனாள்.

"ஐயா, உங்களுக்கு இரண்டு கண்ணும் நல்லாத்தானே கிடக்கு? தெற்காலை பாருங்கோ. கோச்சி நிக்குதோ, வருதோ?"

அவர் நெற்றிக்குக் கை வைத்துப் பார்த்தார். தூரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. "நிக்குது போலை கிடக்கு" என்றார்.

"தலைவர், நீங்கள் சொல்லுங்கோ."

"வருது... மெல்ல வருது. இன்னும் நேரமிருக்கு."

அவள் அதற்குள் போய்க் கல்லில் ஏறிவிட்டாள். தடி விழுந்தது. "உங்கை நிண்டு கதையாமல் எல்லாரும் இஞ்சாலை வாங்கோ! தலைவருக்குத் தனியா வெத்திலை வைக்கோணுமோ?" என்று கத்தினாள். நாங்கள் வந்து சேர்ந்து மூச்சு விட முன்னம் கோச்சி எங்களைக் கடந்தது. அதிகாரியின் பைலில் இருந்த தாள்கள் பறந்தன. சனம் சிரித்தது. அவரும் சிரித்தார்.

சிரித்துவிட்டுத் தாள்களைப் பொறுக்கி அடுக்கினார். "அம்மா, நீங்கள் வலு கெட்டிக்காரி. ஆனால் இரண்டு கண் பார்வை வேணும் எண்டுதான் எழுதிக் கிடக்கு. ஊராக்களும் முறைப்பாடு தந்திருக்கினம். ஆராவது வேறை மாதிரிச் சொல்ல விரும்பினால் இப்ப சொல்லுங்கோ. நான் எழுதிக்கொண்டு போறன்."

அவர் பேனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இப்போதுதானே கண்ணால் கண்டார்கள்! சிரித்த வாயெல்லாம் எங்கே போனது? சங்கக் கடைப் பிள்ளை மட்டும், "அவ இருக்கட்டுமே ஐயா" என்று மெல்லச் சொன்னது. "நீ கடையைப் பார் பிள்ளை" என்றார் தலைவர். அது தலையைக் குனிந்தது. எனக்கு அந்தக் கல்லின் கணக்கு முழுதும் தெரியும். விரலைப் பிடித்துக் காட்டினாலே போதும். நான் வேறு பெண்களுக்குப் பின்னால் நின்று சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். தலை இடமும் வலமுமாய் ஆடியது. யார் கிட்ட நிற்கிறார்கள், யார் எட்ட நிற்கிறார்கள் என்று பார்த்திருப்பாள்.

புது ஆள் வரப் பதினைந்து நாள் சென்றது. அதுவரைக்கும் அவள்தான் நின்றாள். முன்பு போலவே என்னிடம் வந்து தேத்தண்ணி குடித்தாள். முன்பு போலவே எல்லாரையும் ஏசினாள். கடைசி நாள் கட்டைகளுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்தாள். புது ஆள் நாற்பது வயது மனிதர், அமைதியானவர், இரண்டு கண்ணும் உள்ளவர். அவரைக் கல்லில் ஏற்றி வைத்து எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். எங்கள் குசினி யன்னலுக்குள் நின்று நான் கேட்டேன். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு பூநகரியில் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

புது ஆள் மூன்று நாள் கல்லில் நின்றார். நாலாம் நாள் தடியடியில் ஒரு கதிரை போட்டார். கயிற்றை வெட்டிக் குட்டையாக்கினார். சோம்பல் என்று சொல்ல முடியாது. கட்டையைத்தான் பார்த்தார். கட்டை மறைந்ததும் ஒழுங்காகத் தடியை விட்டார். அவர் யாரையும் ஏசவில்லை. ஊருக்கு அவரை நல்லாய்ப் பிடித்துக்கொண்டது. தலைவர் அவருக்கு ஒரு குடை வாங்கிக் கொடுத்தார்.

நான் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதிரை நிற்கிற இடம் பிழை என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் போய்ச் சொல்லவேண்டும் என்று நினைப்பேன். படலை வரைக்கும் போவேன். வேற்று ஆம்பிளை, என்னவென்று தொடங்குவது என்று திரும்பி வருவேன். மூன்று மாதம் இப்படிப் போனது.

மாரி மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலை, கட்டை மறைந்தது, தடி விழத் தொடங்கியது. சங்கக் கடைப் பிள்ளை வழமை போல வந்தது. கோச்சியைப் பார்த்தது. எங்கையோ நிற்கிறது என்று நினைத்திருக்கும். மறித்து ஏச ஆள் இல்லை. தடிக்குக் கீழால் குனிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு தண்டவாளத்துக்குள் போனது.

அதற்கு மேல் எழுத மாட்டேன்.

செத்த வீட்டில் தலைவர் எழும்பி நின்று விதி என்று பேசினார். விதியாம். அந்தப் பிள்ளையின் தாய் தலையில் அடித்துக்கொண்டு கிடக்கிறாள், இவர் விதி என்று கதை சொல்லுகிறார். அங்கே இருந்தவர்களில் கையெழுத்து வைக்காத ஆள் ஒருவரும் இல்லை. எல்லாரும் தலையாட்டினார்கள்.

முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடிந்த பிறகு பூநகரிக்குப் போனேன். தனியாகப் பஸ் ஏறியது அதுதான் முதல் தரம். அங்கே பஸ் குறைவு. இறங்கின இடத்தில் இருந்து வெகுதூரம் கேட்டுக் கேட்டு நடந்தேன். அவள் வளவுக்குள் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் தலையை ஆட்டிப் பார்த்தாள்.

"அக்காவோ? இருங்கோ." பிறகு, "கேள்விப்பட்டனான். அவள்தானே?"

"ஓம்."

"அந்தாள் எங்கை நிண்டவர்?"

"தடியடியிலை. கதிரை போட்டு."

கத்தியைக் கீழே வைத்தாள். "எந்த நாள் தொடக்கம்?"

"நாலாம் நாள் தொடக்கம்."

"நீங்கள் கண்டனீங்களோ?"

"கண்டனான்."

"சொன்னனீங்களோ?"

இல்லை என்று தலையாட்டினேன். சொல்ல வந்தது அது மட்டும் இல்லையே. "பிள்ளை, அந்தக் கடிதத்திலை நானும்..." என்று தொடங்கினேன்.

"தெரியும். மூண்டாவது கையெழுத்து. விசாரிக்க வந்த ஐயா எனக்கு வாசிச்சுக் காட்டினவர். அண்டைக்குப் பின்னேரமும் உங்கடை வீட்டிலைதான் தேத்தண்ணி குடிச்சனான்."

எனக்கு நிலத்துக்குள் போகலாம் போல இருந்தது. "தெரிஞ்சும் ஏன் பிள்ளை என்னை ஒரு சொல்லும் ஏசேல்லை? ஊரையெல்லாம் ஏசினாயே."

"ஏசினால் நீங்கள் அழுவீங்கள். பிறகு நான் இருந்து உங்களுக்கு ஆறுதல் சொல்லோணும். எனக்கு அதுக்கு நேரமிருந்ததோ? கோச்சி வாற நேரம்."

எழும்பிப் போய்க் கையைக் கழுவினாள். சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து என் முன்னால் இருந்தாள்.

"இண்டைக்கு நேரமிருக்கு" என்றாள்.

பிறகு தொடங்கினாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகும் மட்டும் ஏசினாள். நான் அழவில்லை. ஒரு சொல்லும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.